திரும்பாத கரண்ட்

பொதட்டூர்பேட்டை
3.2.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் செங்கல்வராயன் எழுதுவது.

என் நம்பரைத் தடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. போன் போட்டால் ஒரு பொம்பளை இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். செண்பகம்தான் இங்கிலீஷ் கற்றுக்கொண்டாளோ என்று ஒரு நிமிஷம் பயந்துபோனேன். என் தங்கச்சி திட்டினால் தமிழில்தான் திட்டுவாள், அதனால் தெளிந்தேன். போனைத் தடுக்கலாம் மாப்பிள்ளை, போஸ்ட்மேனை எப்படித் தடுப்பீர்கள்?

அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் எழுத்து. தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வையுங்கள். அந்தச் சுகமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.

நீங்கள் வாங்கிக்கொடுத்த வேலையை நீங்களே பிடுங்கிக்கொண்டீர்கள். சரி. பெருக்குவதற்கும் ஹீலியம் டாங்கியைத் தள்ளுவதற்கும் கும்மிடிப்பூண்டியில் ஆளா இல்லை? ஆனால் அந்த மிஷினை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். ஆள் உயர டாங்கி, உள்ளே சொல்ல முடியாத குளிர், அந்தக் குளிருக்குள் கொசு அளவில் ஒரு வளையம். அதில் கரண்டை ஒரு தடவை தள்ளிவிட்டால் போதும், யாரும் தள்ளாமலே சுற்றிக்கொண்டிருக்கும், தேயவே தேயாது என்று சொல்லிக்கொடுத்தீர்கள். டாங்கி வயிற்றில் உள்ள சின்னக் கண்ணாடி வழியாக லேசர் வெளிச்சத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் அந்தக் கரண்ட் அப்படியே திரும்பி எதிர்ப்பக்கமாகச் சுற்றும். இவ்வளவு சின்ன வெளிச்சத்தில் உலகத்திலேயே யாரும் திருப்பியதில்லை என்று ஐப்பசி முதல் மார்கழி வரைக்கும் உங்கள் கால் தரையில் படவில்லை.

மிஷினைப் பார்த்துப் பரிசு கொடுக்க டெல்லிக்காரர்கள் வந்த அன்றைக்கு மட்டும் அது திரும்பவில்லை. நீங்கள் வேர்த்து வேர்த்துச் சொடுக்குகிறீர்கள், ஸ்கிரீனில் கோடு அசையவில்லை. எல்லாரும் செத்த வீடு மாதிரி நிற்கிறார்கள். பாவமாக இருந்தது. அதனால்தான் வாயைத் திறந்தேன்.

“சார், எங்க மாப்ளைக்கு மாமியார் ஊட்லதான் கரண்ட் வேலை செய்யும். ஒருவாட்டி பொதட்டூர்பேட்டைக்கு வந்து பாருங்க.”

நம் ஆட்கள் சிரித்தார்கள். யாரோ அதை இந்தியில் சொல்ல, டெல்லிக்காரர்களும் சிரித்தார்கள். நீங்கள் அத்தனை பேர் முன்னால் “வெளிய போடா” என்றீர்கள். மச்சானை ‘டா’ போட்டு விரட்டிய மாப்பிள்ளை நம் குடும்பத்தில் நீங்கள்தான் முதல் ஆள். அதற்கும் ஒரு பரிசு வாங்கித் தருவார்களா?

அது போகட்டும். குட்டி அஸ்வினிக்கு வைகாசியில் காது குத்த வேண்டும். தோடு வாங்கிவிட்டேன், சிவப்புக் கல். எனக்கும் மணியம்மாளுக்கும் பிள்ளை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். தாய்மாமன் என்று என் மடியில் உட்காரப் போவது அவள் ஒருத்திதான். வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், மடியை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. கிளம்பும்போது மிஷின் காதில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தேன். ‘நான் வர்ற வரைக்கும் வேலை செய்யாதே’ என்று. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை அது.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

*

கும்மிடிப்பூண்டி
17.2.2025

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எழுத வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது. புரிந்துகொள்ளும்படியாக உங்களை யாரும் வளர்க்கவில்லை. ஒரு சோதனை தோற்பது சாதாரணம். தோற்ற நேரத்தில் கூடத்தைக் கூட்டுகிறவன் மச்சான் முறை கொண்டாடி, வந்தவர்கள் சிரித்துக்கொண்டே வெளியேறியதுதான் சாதாரணம் இல்லை. சிரித்தவன் மன்னிக்க மாட்டான். அந்த நாளுக்குப் பிறகு கரண்ட் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மூன்று மாத முடிவுகளையும் நான் இட்டுக்கட்டியதாகப் பேசுகிறார்கள். டைரக்டர் வீரராகவன் விசாரணைக் குழு போட்டிருக்கிறார். மறுபடி செய்து காட்டாவிட்டால் என் வேலை மட்டுமல்ல, இந்தத் துறையில் என் பெயரே போய்விடும்.

அஸ்வினியின் காது அவளுடைய பெற்றோரின் விஷயம். மடி, முறை, தோடு என்று யாரும் இந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டியதில்லை.

மோகன்ராஜ்

*

பொதட்டூர்பேட்டை
2.3.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எழுதாதே என்று இவ்வளவு நீளமாக எழுதினால் நான் எப்படி எழுதாமல் இருப்பேன்?

செண்பகம் உங்களுக்குத் தெரியாமல் போன் செய்தாள். மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் பேசினாளாம், காற்றுச் சத்தம் கேட்டது. “அண்ணே, அவரு தூக்கத்துல கூட ‘இன்னாத்த மாத்தினோம், இன்னாத்த மாத்தினோம்’னு பொலம்பிக்கினே கீறாரு” என்றாள். நான் சிரித்துவிட்டேன். “என்னியத்தாம்மா மாத்தினாரு” என்றேன். அவள் சிரிக்கவில்லை. உங்களைக் கட்டிக்கொண்டதிலிருந்து என் தங்கச்சிக்குச் சிரிப்பு மறந்துவிட்டது. அதையும் ஒரு நாள் மிஷினில் வைத்துப் பாருங்கள், எங்கே நின்றதென்று.

நீங்கள் ஒரு தடவையாவது கேட்டீர்களா, ‘மச்சான், நீங்கள் அந்த மிஷினுக்கு என்னவெல்லாம் செய்தீர்கள்’ என்று? நான் அதை ஒரு பெண்பிள்ளை மாதிரி வைத்திருந்தேன். பொங்கலன்று வாயில் சர்க்கரைப் பொங்கல் ஊட்டினேன், முந்திரியைத் துப்பிவிட்டது. பழவேற்காட்டு இறால் தொக்கு வாசம் காட்டினேன், ஸ்கிரீனில் கோடு ஆடியது. மூக்குத்திகூடப் போட்டுவிட்டேன், வலது பக்கம். உங்கள் பெரிய படிப்பு அதையெல்லாம் பார்த்ததா?

நம்பாதீர்கள். ஆனால் நிஜமாகவே ஒன்று செய்தேன். அதை நிஜமாகவே பிற்பாடு எடுத்தும்விட்டேன். இது கிண்டல் இல்லை. அது இன்னதென்று வேண்டுமானால் கேளுங்கள். போனில் வேண்டாம், நீங்கள் போட்டாலும் எடுக்க மாட்டேன். பேச்சு காற்றோடு போய்விடும். அஸ்வினி என் மடியில்தான் உட்காருவாள் என்று நாளும் இடமும் போட்டு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அப்புறம் சொல்கிறேன்.

செங்கல்வராயன்

*

கும்மிடிப்பூண்டி
9.4.2025

அன்புள்ள மச்சானுக்கு,

போனைத் திறந்துவிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

வளையத்தை மாற்றிப் பார்த்தேன். லேசரை மாற்றிப் பார்த்தேன். ஹீலியத்தை வேறு இடத்திலிருந்து வரவழைத்தேன். எதனாலும் பயனில்லை. டெல்லிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் நீங்கள் எல்லாவற்றையும் துடைத்தீர்கள். அது ஒன்றுதான் பாக்கி. எதைத் துடைத்தீர்கள், அதற்கு முன்பு அங்கே என்ன இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

கோபத்தில் சில வார்த்தைகள் பேசிவிட்டேன். அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்டபடி எழுதித் தருகிறேன்: வரும் ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை, திருத்தணி கோவிலில் அஸ்வினிக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில்தான் உட்காருவாள். உறவினர்களை நீங்களே அழைத்துக்கொள்ளலாம்.

மோகன்ராஜ்
(கையெழுத்து)

*

பொதட்டூர்பேட்டை
14.4.2025

என் தங்க மாப்பிள்ளைக்கு,

‘அன்புள்ள மச்சானுக்கு’ என்று போட்டிருக்கிறீர்கள். மணியம்மாளிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “மூணாந்தபா படிச்சா எழுத்து தேஞ்சிடும்யா” என்றாள். உங்கள் கையெழுத்துத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். புது வருஷமும் அதுவுமாக வந்தது பாருங்கள்.

சொல்கிறேன். போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் லேசரைக் கழற்றிச் சர்வீசுக்கு அனுப்பினீர்கள். பூஜையன்று நீங்கள் மாடியில் மீட்டிங்கில் இருந்தீர்கள். நானும் வாட்ச்மேன் அப்பாவுவும் எல்லா மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். கம்ப்ரஸருக்கு மூன்று, டேபிளுக்கு நாலு. இந்த டாங்கிக்கு எங்கே வைப்பது என்று பார்த்தேன். வயிற்றில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. நெற்றி இதுதான் என்று முடிவு பண்ணி, நட்ட நடுவில், மோதிர விரலால் சந்தனம் தொட்டு அதன் மேல் குங்குமம். மிளகு அளவுதான். “ஏம்பா, கண்ணாடில வைக்கிறியே, அய்யரு திட்ட மாட்டாரா?” என்று அப்பாவு கேட்டான். “எங்க மாப்ள அய்யரு இல்லப்பா, அதுக்கும் மேல” என்றேன். அவன் இப்போது ரிட்டயர் ஆகி ஊர்ப்பக்கம் போய்விட்டான். போன மாதம் காலமாகிவிட்டதாகச் சேதி வந்தது. நல்ல மனுஷன்.

மறுநாள் லேசர் வந்தது. நீங்களே லேசர் வெளிச்சம் வருகிற குழாயைக் கண்ணாடி மேல் வைத்து முடுக்கி, கறுப்புத் துணியைச் சுற்றினீர்கள். பொட்டு உள்ளே அடைபட்டுவிட்டது. வெளிச்சம் குறைகிறதே என்று சர்வீஸ்காரனைத் திட்டிக்கொண்டே லேசரைக் கூட்டி வைத்தீர்கள், நினைவிருக்கிறதா? அப்புறம்தான் கரண்ட் திரும்ப ஆரம்பித்தது.

டெல்லிக்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் ஹாலுக்குள் வந்தீர்கள். கம்ப்ரஸர் பொட்டைப் பார்த்ததும், “இந்தப் பட்டிக்காட்டுப் பொட்டெல்லாம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது, அழி!” என்று கத்தினீர்கள். ஒன்றுகூட என்றதால் குழாயைக் கழற்றி அதையும் அழித்தேன். சந்தனம் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துப் பளிங்கு மாதிரி ஆக்கித் திரும்ப முடுக்கினேன்.

அவ்வளவுதான் விஷயம். மறுபடி ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள். மோதிர விரல், மறக்க வேண்டாம். ஆள்காட்டி விரலால் வைத்தால் மிஷினுக்குக் கோபம் வரும்.

பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டேன். பங்காளி, மாமன் மச்சான் எல்லாரும் வருகிறார்கள். குட்டிக்கு வெயில் படாமல் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
ஒரே மச்சான்

*

கும்மிடிப்பூண்டி
6.6.2025

திரு. செங்கல்வராயன் அவர்களுக்கு,

உங்கள் தகவல் சரி. கண்ணாடியின் நடுவில் அதே அளவில் கறுப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன். கரண்ட் திரும்பியது. நடு மறைந்தால் வெளிச்சம் மோதிரம் போல வளையமாக விழுகிறது. வளையமாக விழுந்த வெளிச்சம்தான் வளையத்தில் ஓடும் கரண்டைத் திருப்புகிறது. முன்பைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இது. இதற்கு உங்கள் மூளை தேவைப்படவில்லை, கை அழுக்கே போதுமானதாக இருந்தது. எந்த விரல் என்பது முக்கியம் இல்லை.

அஸ்வினிக்குக் காது குத்தியாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை, சென்னையில் ஒரு கடையில், நாற்காலியில் உட்காரவைத்து, சுத்தமான கருவியால். ஒரு தடவை ‘ம்’ என்றாள், அவ்வளவுதான். யார் மடியும் தேவைப்படவில்லை. செண்பகம் அழுதாள், பழகிவிடுவாள். முந்திக்கொண்டு உங்களிடம் சொல்லிவிடுவாள் என்பதால் அவள் போன் என்னிடம் இருக்கிறது.

நான் கையெழுத்துப் போட்டுத் தந்தேனே என்பீர்கள். டெல்லியிலிருந்து வந்தவர்கள் சிரித்தார்களே, அதை எந்தக் கையெழுத்தால் அழிப்பீர்கள்? கணக்கு இத்தோடு தீர்ந்தது. தோட்டை அனுப்ப வேண்டாம். அவள் காதில் இப்போது வைரப்பொட்டு இருக்கிறது.

மோகன்ராஜ்

*

கும்மிடிப்பூண்டி
28.6.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நீங்கள் பதில் எழுதவில்லை. என் கடிதம் எட்டாம் தேதிக்கு முன்பே உங்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைத்தேன். நீங்கள் எல்லாரும் திருத்தணியில் காத்திருந்ததாகப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். அப்படி நடந்திருக்கக் கூடாது.

குழு முன்னால் கரண்டைத் திருப்பிக் காட்டினேன். இப்போது திரும்புகிறது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், ‘கண்ணாடி சுத்தமாக இருந்தது என்று உங்கள் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறீர்கள். சுத்தமான கண்ணாடியில் திரும்பாது என்று இப்போது சொல்கிறீர்கள். அப்படியானால் ஐப்பசியிலிருந்து காட்டிய முடிவுகள் எங்கிருந்து வந்தன?’ என்று கேட்கிறார்கள். யாருக்கும் தெரியாமல் ஒரு பொட்டு அங்கே இருந்தது என்று சொன்னேன். சிரித்தார்கள். அப்பாவு உயிரோடு இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர்களிடம் சாட்சியாகக் கொடுத்திருக்கிறேன். இன்னும் பத்து நாளில் இரண்டு பேர் உங்களைப் பார்க்கப் பொதட்டூர்பேட்டைக்கு வருவார்கள். நான் கூட வரக்கூடாதாம். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், அது போதும். அஸ்வினியை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், செய்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை,
மோகன்ராஜ்

*

பொதட்டூர்பேட்டை
9.7.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மச்சான் எழுதுவது.

நலம். இங்கே ஒரு மழை பெய்து நாற்று விட்டிருக்கிறோம்.

முதலில் திருத்தணி சேதி. விடியற்காலையிலேயே போய்விட்டோம். ஊரே வந்திருந்தது. நான் பட்டு வேட்டி கட்டி, மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். காது குத்துகிற ஆசாரி ஊசியை எலுமிச்சம்பழத்தில் சொருகி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறியது. “இன்னாபா, கொயந்த நடந்து வருதா?” என்று பெரியப்பா மகன் கேட்டான். அதற்கு ஒரு பதில் கிண்டல் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். சாப்பாட்டு வேளை தாண்டி ஆசாரி எழுந்துவிட்டார். எனக்குக் கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவன் மன்னிக்க மாட்டான் என்று எழுதியிருந்தீர்களே, சிரிக்கப்பட்டவனைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. உங்கள் கடிதம் மறுநாள் வந்தது.

நேற்று நீங்கள் அனுப்பியவர்கள் வந்தார்கள். சுமலதா மேடம் என்று ஒருத்தர், கூட மூக்குக்கண்ணாடி போட்ட ஒருத்தர். மணியம்மாள் மோர் கொடுத்தாள். மேடம் பைலைத் திறந்தார். என் கடிதங்கள் வரிசையாக இருந்தன.

“இதெல்லாம் உங்க கையெழுத்தா?”

“ஆமாங்க மேடம். கோழி கிளறினா மாதிரி கீதே, அது என்னுதுதான்.”

“கண்ணாடியில பொட்டு வச்சதா எழுதியிருக்கீங்க. நெஜமா?”

“அதுக்கு முந்தின லெட்டரப் படிச்சீங்களா மேடம்?”

படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். கண்ணாடிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமாகவே சிரித்தார்.

“மூக்குத்தி போட்டேன்னு கீது. பொங்கலு ஊட்னேன், முந்திரியத் துப்பிச்சின்னு கீது. அத்த நம்புறீங்களா?”

“அது விளையாட்டுன்னு தெரியுது.”

“இது மட்டும் இன்னா மேடம்? நாங்க மாமன் மச்சான் முறை. வாய்க்கு வந்தத எழுதிக்குவோம். அவரு எழுதி எழுதிக் கேட்டாரு. நானும் ஒண்ண எடுத்து உட்டேன். மோதிர விரலு, ஆள்காட்டி விரலுன்னு எழுதிக்கிறேன் பாருங்க, அதுலயே தெரியலயா? பெரிய படிப்பு படிச்சவரு, அத்தயும் புடிச்சிக்கினு போயிட்டாரு.”

மேடம் சிரிக்கவில்லை. பைலை மூடிவிட்டு என் முகத்தையே பார்த்தார். கெட்டிக்காரி. “ஐயா, யோசிச்சிச் சொல்லுங்க. நீங்க பொட்டு வைக்கலன்னா, அவரு அந்த மூணு மாசமும் காட்டினது பொய்னு ஆயிடும். அவரு இனிமே எங்கயும் வேலை பார்க்க முடியாது. உங்க தங்கச்சி வீட்டுக்காரரு.”

நான் குனிந்து என் மடியைப் பார்த்தேன். துண்டு ஒன்று கிடந்தது. எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

“வைக்கலீங்க,” என்றேன்.

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். நானும் உங்களைப் போலவே அழகாகப் போட்டேன்.

ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னீர்கள். கண்ணாடியில் இருந்ததை அன்றே அழித்தேன். பாக்கி இருந்ததை நேற்று அழித்துவிட்டேன். இனி எங்கே தேடினாலும் அந்தப் பொட்டு கிடைக்காது.

கும்மிடிப்பூண்டி வீட்டைக் காலி செய்யச் சொன்னால் கவலைப்படாதீர்கள். செண்பகத்தையும் குட்டியையும் கூட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடுங்கள். இரண்டு அறை சும்மாதான் கிடக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை. வயலில் மோட்டார் போட ஆள் வேண்டும். சுவிட்சைத் தட்டினால் கரண்ட் வந்துவிடும், திரும்பிப் போகாது, உங்களுக்கு ஏற்ற வேலை.

அந்தச் சிவப்புக்கல் தோட்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கீழே குத்திவிட்டால் என்ன மாப்பிள்ளை, மேல் காதில் இடம் இருக்கிறது. அங்கே நரம்பு கெட்டி, கொஞ்சம் வலிக்கும் என்கிறார் ஆசாரி. பரவாயில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மடி இருக்கிறது.

குட்டியை எப்போது கூட்டிவருகிறீர்கள் என்று எழுதுங்கள். நாள் மட்டும் போட்டால் போதும், கையெழுத்து வேண்டாம்.

செங்கல்வராயன்